பயணத்தில் ஷாப்பிங்: முதல் நாள் பர்ஸைத் திறக்காதீர்கள்

வாசகி ஒருவரின் கேள்வி: "மூன்று பேர், பன்னிரண்டு நாள், இரண்டு மூன்று நாடுகள் என்று வெளிநாட்டுப் பயணம் கிளம்புகிறோம். போன தடவை சுற்றுலாத் தெருவிலும் விமான நிலையத்திலும் கைக்கு வந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டில் பையைப் பிரித்தால் பாதி, எங்கேயும் கிடைக்கிற சரக்கு. இந்தத் தடவை பொட்டிக் என்கிற சின்ன நாகரிகக் கடைக்குப் போவதா, உள்ளூர்ச் சந்தைக்குப் போவதா, பேசாமல் ஒரு பெரிய மாலிலேயே முடித்துக்கொள்வதா? ஏமாறாமல் வாங்க எங்கேதான் போவது?"

எங்கே என்று சொல்வதற்கு முன்னால், எப்போது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை, பணத்தை விட்டவர்கள் பெரும்பாலும் முதல் நாள் மாலையிலேயே விட்டிருக்கிறார்கள். விமானக் களைப்பு ஒரு பக்கம், புது நாணயத்தின் கணக்கு இன்னும் மனதில் ஏறாதது ஒரு பக்கம், பார்ப்பதெல்லாம் புதுசாகத் தெரிவது இன்னொரு பக்கம். அன்றைக்கு எதையும் வாங்காதீர்கள். சுற்றுங்கள், தொட்டுப் பாருங்கள், விலை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அந்த விலையையும் சந்தையில் கற்றுக்கொள்ள முடியாது. விலைச்சீட்டு தொங்குகிற கடையில்தான் கற்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே விலை என்பதே வியாபாரத்தில் ஓரளவு புது ஏற்பாடுதான். பாரிஸின் போன் மார்ஷே கடையில் 1852-இல் பங்குதாரராகச் சேர்ந்த அரிஸ்டீட் பூசிகோ, விலையை எழுதி ஒட்டி, பிடிக்காத பொருளைத் திருப்பித் தரலாம் என்ற வழக்கத்தையும் பிரபலமாக்கியவர்களில் ஒருவர். அந்தச் சீட்டு சுற்றுலாப் பயணிக்கு இன்றைக்கும் நல்ல துணை. கைவினைக்குப் பேர்போன ஊர்கள் பலவற்றில் அரசோ கைவினைஞர் கூட்டுறவோ நடத்தும் விற்பனைக் கூடம் ஒன்று இருக்கும். மொராக்கோவின் மராக்கேஷில் இருப்பதன் பெயர் ஆன்சாம்பிள் ஆர்ட்டிசானல். செய்கிறவர்கள் அங்கேயே உட்கார்ந்து வேலை செய்வார்கள், விலையும் எழுதியிருக்கும். முதலில் அங்கே ஒரு நடை போய்வந்து, அந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு பழைய நகரத்துச் சந்துகளுக்குள் நுழைந்தால், கடைக்காரர் சொல்லும் முதல் விலை உங்களைப் பயமுறுத்தாது. சில சமயம் சிரிப்புகூட வரும்.

சரி, சந்தைக்கு வருவோம். "உள்ளூர்ச் சந்தை" என்ற பெயரில் இரண்டு வேறு வேறு இடங்கள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் தங்களுக்கு வேண்டியதை வாங்கும் இடம் ஒன்று. ஊர்க்காரர்கள் உங்களுக்கு விற்பதற்காகவே வரும் இடம் இன்னொன்று. வித்தியாசம் கண்டுபிடிக்க விளக்குமாறும் பிளாஸ்டிக் வாளியும் விற்கிறார்களா என்று பாருங்கள். அவை இருந்தால் அங்கே நாலு குடும்பம் தினமும் வந்து போகிறது என்று அர்த்தம். துணி, பாத்திரம், கூடை எல்லாம் அங்கே நியாயமான விலையில் இருக்கும். காந்த ஸ்டிக்கரும் சாவிக்கொத்தும் மட்டும் தொங்கினால், அது உங்களுக்காகப் போட்ட கடை. போகக்கூடாது என்று சொல்லவில்லை. நாலு பேருக்குச் சின்னச் சின்னதாக ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். கலைப்பொருளை மட்டும் அங்கே தேடாதீர்கள்.

நானே ஒருமுறை தேடினேன். ஒரு கடற்கரை ஊரில், கையால் வண்ணம் தீட்டியது என்று சொல்லி ஒரு பீங்கான் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். நீல இலை ஒன்று. அதன் நுனியில் தூரிகை நழுவியதுபோல ஒரு சின்னச் சொட்டு. அந்தச் சொட்டுக்காகத்தான் வாங்கினேன், மனுஷக் கை பட்டது தெரிகிறதே என்று. மறுநாள் இரண்டு தெரு தள்ளி வேறொரு கடை வாசலில் அதே கிண்ணம் எட்டு அடுக்கியிருந்தது. எட்டிலும் அதே இலை, அதே நுனி, அதே சொட்டு. வரைந்து அல்ல, அச்செடுத்து ஒட்டிச் சுட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து எங்கே போனாலும் "இதே மாதிரி இன்னொன்று காட்டுங்கள்" என்று கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கையால் செய்த இரண்டு பொருள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது.

கம்பளம் வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும். இஸ்தான்புல்லின் பெரிய பஜார் 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கியது. இன்று கூரைக்கடியில் சுமார் 4,000 கடைகள். கம்பளக் கடையில் உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, ஒவ்வொன்றாக உதறி விரிப்பார்கள். பார்க்கவே அழகான காட்சி. மேல்பக்கத்தைப் பார்த்துச் சொக்கிப் போகாமல், ஓரத்தைப் பிடித்துத் திருப்புங்கள். கையால் முடிச்சுப் போட்டதென்றால் பின்பக்கத்திலும் கோலம் தெளிவாகத் தெரியும், முடிச்சுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அப்புறம் குஞ்சத்தைப் பாருங்கள். கம்பளத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலே வெளியே நீண்டு குஞ்சமாக வந்திருக்க வேண்டும். தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் இயந்திரத்தில் நெய்தது. இதைச் செய்வதில் சங்கடமே வேண்டாம். நல்ல சரக்கு வைத்திருப்பவர் தானே திருப்பிக் காட்டுவார். பஷ்மினா சால்வையை மோதிரத்துக்குள் இழுத்துக் காட்டும் வித்தையை மட்டும் நம்பாதீர்கள், மெல்லிய பட்டும் செயற்கை இழையும்கூட மோதிரத்துக்குள் ஓடும். வெள்ளி என்றால், 92.5 சதவீதம் வெள்ளி என்பதைக் குறிக்கும் 925 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெனிஸ் பக்கம் போய் முரானோ தீவின் கண்ணாடிக் கலைப்பொருள் வாங்கினால், வெனெத்தோ மாகாண அரசு பதிவு செய்திருக்கும் "வெட்ரோ ஆர்ட்டிஸ்டிகோ முரானோ" ஸ்டிக்கரைத் தேடுங்கள்.

போவதற்கு முன் கிழமையைச் சரிபாருங்கள். பெரிய பஜார் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். பாங்காக்கின் சத்துசாக் சந்தை முழுசாகக் களைகட்டுவது சனி, ஞாயிறு. லண்டன் போர்ட்டபெல்லோ சாலையில் பழம்பொருள் கடைகளுக்குச் சனிக்கிழமைதான் நாள். ஒரு நாள் தவறினால் ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பேரத்தைப் பற்றி "கேட்டதில் பாதியிலிருந்து ஆரம்பி" என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சூத்திரம் கடைக்காரருக்கும் தெரியும், அதற்கேற்பத்தான் முதல் விலையே சொல்வார். விலைச்சீட்டுக் கடையில் பார்த்து வந்தீர்களே, அந்த எண்தான் உங்கள் ஆயுதம். வாங்கும் எண்ணம் இல்லாதபோது வாயிலிருந்து விலை வரக்கூடாது. நீங்கள் சொன்ன விலைக்கு அவர் ஒப்புக்கொண்ட பிறகு நகர்ந்து போவது பல ஊர்களில் மரியாதைக்குறைவு. ஒரே கடையில் இரண்டு மூன்று பொருளாக எடுத்தால் தானாகவே இறங்கி வருவார்கள்.

வண்டி ஓட்டுநரோ வழிகாட்டியோ "எனக்குத் தெரிந்த கடை" என்று அழைத்துப் போனால் அவருடைய கமிஷனும் உங்கள் பில்லில்தான் ஏறும். தனியாகத் திரும்பி வந்து அதே கடையில் கேட்டுப் பாருங்கள், விலை வேறு மாதிரி இருக்கலாம்.

பொட்டிக்கை நான் ஒரே ஒரு காரியத்துக்கு வைத்திருக்கிறேன்: பத்து வருஷம் உடுத்தப் போகிற, பயன்படுத்தப் போகிற ஒரே ஒரு பொருளுக்கு. ஒரு மேலங்கி, ஒரு தோல்பை, ஒரு ஜோடிச் செருப்பு. அந்த ஊர் வடிவமைப்பாளரே நடத்தும் கடை பிரதான வீதியில் இருப்பது அபூர்வம். அந்த வாடகை அவருக்குக் கட்டாது. ஒன்றிரண்டு தெரு உள்ளே தள்ளிப் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் "இதை எங்கே தைக்கிறீர்கள், யார் தைக்கிறார்கள்?" என்று கேளுங்கள். சொந்தமாகச் செய்கிறவர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோலப் பேச ஆரம்பிப்பார். மற்றவர்கள் லேபிளைக் காட்டுவார்கள். அளவை அங்கேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த உரிமை ஆன்லைன் போன்ற தொலைவழி விற்பனைக்குத்தான். கடையில் நேரில் வாங்கியதற்குக் கடைக்காரரின் கொள்கைதான் சட்டம். ஹோட்டல் வரவேற்பறைக்குப் பக்கத்தில் இருக்கும் பொட்டிக்குகளை வேடிக்கை மட்டும் பாருங்கள்.

மால் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா நாட்டிலும் அதே பிராண்டுகள்தான். பிராண்டுகள் தள்ளுபடியில் விற்கும் அவுட்லெட் கடைகளில் மட்டும் ஒரு எச்சரிக்கை: அங்கே தொங்குவதெல்லாம் விற்காமல் போன நல்ல சரக்கு என்று நினைக்காதீர்கள். பல நிறுவனங்கள் அவுட்லெட்டுக்கென்றே தனியாக, கொஞ்சம் மலிவாகத் தயாரிக்கின்றன. பிரான்ஸுக்குப் போகிறீர்கள் என்றால், தள்ளுபடிக் காலம் சட்டப்படியே வருஷத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூன் கடைசியிலும் தொடங்கும். தேதி பொருந்தினால் அதிர்ஷ்டம்.

பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன். ஒன்று, அருங்காட்சியகக் கடை. நல்ல அச்சு, நல்ல காகிதம், சந்தையில் கிடைக்காத பிரதிகள் கிடைக்கும். பல இடங்களில் டிக்கெட் இல்லாமலே கடைக்குள் மட்டும் போய் வரலாம். இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது, சாதாரண சூப்பர் மார்க்கெட். அந்த ஊர்க்காரர்கள் தினமும் பயன்படுத்தும் சோப்பு, தேயிலை, நோட்டுப் புத்தகம், சமையலறைத் துண்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். பரிசாகக் கொடுத்தால் உண்மையிலேயே பயன்படுத்துவார்கள். போன தடவை நீங்கள் விமான நிலையத்தில் வாங்கியதில் பாதி அங்கேயே கிடைத்திருக்கும்.

இனி பணம் கட்டும் இடம். கார்டு போட்டதும் கடைக்காரர் இயந்திரத்தை உங்கள் பக்கம் திருப்புவார். திரையில் இரண்டு தொகை: ஒன்று அந்த நாட்டு நாணயத்தில், இன்னொன்று உங்கள் நாட்டு நாணயத்தில். பழகிய நாணயத்தைப் பார்த்ததும் விரல் தானாக அங்கே போகும். போக விடாதீர்கள். உங்கள் நாட்டு நாணயத்துக்கான அந்த மாற்று விகிதத்தைப் போடுவது கடைக்காரர் சார்பில் கார்டுப் பணத்தைக் கையாளும் நிறுவனம், அதற்குள் அவர்கள் லாபமும் இருக்கிறது. உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதம் உங்கள் கார்டு வலையமைப்பின் (விசா, மாஸ்டர்கார்டு போன்றவை) கணக்குப்படி வரும், பெரும்பாலும் மலிவு. தேர்வு உங்களுடையது, கடைக்காரர் தானாக அமுக்கக் கூடாது. அமுக்கிவிட்டால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், பதிலும் இதேதான்.

வாங்கிய பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகும் வெளிநாட்டுப் பயணி, அதற்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவதைப் பற்றி எல்லோருக்கும் பெரிய கனவு இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன். பிரான்ஸில் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி பொதுவாக 20 சதவீதம். அது விலைக்குள்ளேயே அடங்கியிருப்பதால், நீங்கள் கொடுத்த மொத்தத்தில் வரி ஆறில் ஒரு பங்கு. அதிலும் இடையில் இருக்கும் நிறுவனம் கட்டணம் எடுத்துக்கொண்டு, கைக்குப் பெரும்பாலும் 12 சதவீதம் அளவில்தான் வரும். குறைந்தபட்சத் தொகையும் நாட்டுக்கு நாடு மாறும்: பிரான்ஸில் ஒரே கடையில் 100 யூரோவைத் தாண்ட வேண்டும், இத்தாலியில் 70 யூரோ, ஸ்பெயினில் வரம்பே இல்லை. லண்டனில் கடையில் வாங்கிக் கையோடு கொண்டு வருவதற்கு 2021 முதல் இந்தச் சலுகை கிடையாது. ஜப்பானில் 2026 நவம்பர் முதல் கடையிலேயே வரியைக் கழிக்கும் வழக்கம் போய், முழு விலையும் கட்டிவிட்டுக் கிளம்பும்போது திரும்பப் பெறும் முறை வருகிறது. பெரும்பாலான இடங்களில் வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேட்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியை செக்-இன் செய்வதற்கு முன்பே கஸ்டம்ஸ் பக்கம் போக வேண்டும். பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட முடிய வேண்டும். பெட்டி பெல்ட்டில் போன பிறகு அதிகாரியிடம் கெஞ்சிக்கொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கே வாங்கினாலும், வாங்கவே கூடாதவை சில உண்டு. யானைத் தந்தம், ஆமை ஓடு, சில பவளங்கள், சில விலங்குத் தோல்கள் எல்லாம் 1975 முதல் நடைமுறையில் இருக்கும், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருபவை. கடைக்காரர் "பழசு, பிரச்சினை இல்லை" என்பார். உங்கள் விமான நிலையத்தில் அதிகாரி அப்படிச் சொல்ல மாட்டார். தாய்லாந்திலிருந்து புத்தர் சிலை கொண்டு வர அந்த நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். துருக்கியிலிருந்து தொல்பொருள் எதையும் வெளியே எடுத்துவர முடியாது. இத்தாலியின் சார்டீனியாத் தீவில் கடற்கரை மணலை பாட்டிலில் அள்ளி வந்தாலே 3,000 யூரோ வரை அபராதம்.

உங்கள் பயணத்துக்கு நேராக வருகிறேன். கனமானதையும் உடையக்கூடியதையும் கடைசி நாட்டில் வாங்குங்கள், இல்லையென்றால் எல்லா எல்லைகளுக்கும் அதைச் சுமக்க வேண்டும். போவதெல்லாம் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் என்றால், வரிப் படிவங்களை ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி விமான நிலையத்தில்தான் எல்லாவற்றுக்கும் முத்திரை. வழியில் விமானம் மாறுவதாக இருந்தால், டியூட்டி ஃப்ரீ கடையில் திரவம் எதுவும் வாங்கும்போது முத்திரையிட்ட பையில் போடச் சொல்லுங்கள், வீட்டுக்கு வரும்வரை அதைப் பிரிக்காதீர்கள். அப்புறம், வாங்கியதைப் போட்டு வர, பெட்டியின் அடியில் காலிப் பை ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.