திராட்சை தின்ற நாய்க்கு ரசஞ்சோறு வைக்கலாமா?

ஐயா, கம்பத்துத் தோட்டத்தில் உதிர்ந்து கிடந்த பன்னீர் திராட்சையை நேற்று மாலை உங்கள் நாய் தின்று, இரவில் இருமுறை வாந்தி எடுத்ததாகவும், இப்போது தெளிவாக இருப்பதால் ரசஞ்சோறு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சோறு இருக்கட்டும், இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். இந்தத் தெளிவை நம்ப முடியாது. திராட்சையால் நாய்க்கு வரும் சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்தில்தான் வெளிப்படும் என்பதால், மருத்துவர் நாயின் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) அளவைப் பார்த்து, தேவையானால் டிரிப்ஸ் ஏற்றுவார். எத்தனை பழம் வரை ஆபத்தில்லை என்று எவராலும் வரையறுக்க முடியாது. காலையில் வழக்கமாக நனைக்கும் இடத்தை நனைத்ததா, சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போனதா என்பதைக் கவனித்து அவரிடம் சொல்லுங்கள். வாந்தி எடுக்கவைப்பதற்காக உப்புக்கரைசல் புகட்டிவிடாதீர்கள், அதுவே நஞ்சாகலாம்.

திராட்சையில் கெடுதல் செய்வதாகக் கருதப்படும் டார்டாரிக் அமிலம் நம் புளியிலும் உண்டு. ரசத்தில் பூண்டும் சேர்வதால், அது நாய்க்கு எந்நாளும் ஆகாது. வெங்காயமும் பூண்டும் அதன் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. மருத்துவர் அனுமதித்தபின், உப்பில்லாமல் வேகவைத்த எலும்பில்லாக் கோழிக்கறியைக் குழைந்த சோற்றில் பிசைந்து, சிறிது சிறிதாக வையுங்கள்.