பல் தேய்ச்சா ரத்தம் வருதா? அந்த எடத்த விட்டுடாதீங்க

கேள்வி: எனக்கு வயசு 43, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் செக்‌ஷன்ல வேலை பாக்கறேன். ஒரு வருஷமா பல் தேய்க்கும்போது ஈறுல ரத்தம் வருது டாக்டர், பயந்துகிட்டு பிரஷ்ஷ விட்டுட்டு விரல்ல பல்பொடி வச்சுத்தான் தேய்க்கறேன். கீழ முன்பல்லுக்குப் பின்னாடி கல்லு மாதிரி நாக்குல தட்டுப்படுது. வலி ஒண்ணும் இல்ல. சுகர் மாத்திரை, பிபிக்கு அம்லோடிபின் ரெண்டும் சாப்பிடறேன். மெடிக்கல்ல வைட்டமின் சி மாத்திரை குடுத்தாங்க, சாப்பிட்டும் நிக்கல. கிளீனிங் பண்ணா பல்லு ஆடும்னு கூட வேலை பாக்கற அக்கா சொல்றாங்க. எங்க அம்மாவுக்கு 50 வயசுக்குள்ள பல்லு பூரா கொட்டிடுச்சு. எனக்கும் அப்படி ஆகுமா? என்ன சாப்பிட்டா சரியாகும்? 14 வயசு பையனுக்கும் லேசா ரத்தம் வருது, பரம்பரையா இது?

பதில்: கோச்சுக்காதீங்கம்மா, பிரஷ்ஷ நிறுத்துனதுதான் இதுல பெரிய தப்பு. நீங்க மட்டும் இல்ல, என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேரு இதத்தான் செய்றாங்க, ரத்தம் வர்ற எடத்த தொடாம மத்த பல்ல எல்லாம் நல்லா தேய்ச்சுட்டு வந்துடறாங்க. பிரஷ்ஷு குத்தி ரத்தம் வரல. ஈறு ஓரத்துல அழுக்கு படிஞ்சு அதுல இருக்கற கிருமியால ஈறு வீங்கி நிக்குது, வீங்குன ஈறு லேசா தொட்டாலே கசியும், அவ்வளவுதான். தொடாம விட்டா அழுக்கு இன்னும் சேரும், வீக்கம் கூடும், அடுத்த தடவ இன்னும் ரத்தம் வரும், நீங்க இன்னும் பயப்படுவீங்க.

இத டென்மார்க்ல 1965லயே செஞ்சு பாத்துட்டாங்க. ஹெரால்ட் லோனு ஒரு பல் டாக்டர், ஈறு நல்லா இருந்த 12 பேர (பாதிக்கு மேல பல் மருத்துவம் படிக்கற பசங்க) பல் தேய்க்கறதையே நிறுத்தச் சொன்னார். 10 நாள்லேர்ந்து 21 நாளுக்குள்ள எல்லாருக்கும் ஈறு வீங்கிருச்சு, திரும்ப தேய்க்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் பத்து நாள்ல பழையபடி ஆயிருச்சு. ஆரம்ப கட்டத்துல பிடிச்சா முழுசா திரும்பி வரும்னு இதுலேர்ந்தே தெரியுது பாருங்க.

ஆனா உங்க விஷயம் ஆரம்ப கட்டத்த தாண்டியிருக்கலாம்னு எனக்கு ஒரு சந்தேகம், காரணம் நாக்குல தட்டுப்படற அந்தக் கல்லு. அதத்தான் காரைன்னு சொல்றோம். எச்சில்ல சுண்ணாம்புச் சத்து இருக்கு, கீழ முன்பல்லுக்குப் பின்னாடிதான் எச்சில் சுரப்பியோட வாய் வந்து தொறக்குது, அதனால போர் தண்ணி காய்ச்சுற பாத்திரத்துல உப்பு படியற மாதிரி அங்கதான் முதல்ல படியும், தேய்க்காம விட்ட அழுக்கு அப்படியே கெட்டியாயிடும். ஒருதடவ கெட்டியாயிட்டா பிரஷ்ஷு, பல்பொடி, உப்பு எதுக்கும் அது வராது. தயவுசெஞ்சு ஊசி, பின்னு வச்சு நோண்டாதீங்க, அப்படி நோண்டி ஈறு கிழிஞ்சு வர்றவங்களும் இருக்காங்க. டாக்டர் மிஷின்ல எடுத்தாதான் உண்டு. அந்தக் காரை ஈறுக்கு அடியில எறங்கி, பல்ல பிடிச்சிட்டு இருக்கற எலும்பே கரைய ஆரம்பிச்சுட்டா, கரைஞ்ச எலும்பு தானா திரும்ப வளராது, இருக்கறத காப்பாத்தலாம் அவ்வளவுதான். வலி இல்லன்னு நீங்க எழுதியிருக்கறது எனக்கு நிம்மதியா இல்ல, ஏன்னா ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காமலேதான் முத்தும், பல்லு ஆடும்போதுதான் நிறைய பேரு வர்றாங்க.

கிளீனிங் பண்ணா பல்லு ஆடும்ங்கறது தமிழ்நாடு பூரா இருக்கற பேச்சு. எலும்பு ஏற்கெனவே கரைஞ்சு போன பல்ல சுத்தி காரை ஒட்டிக்கிட்டு முட்டுக் குடுத்த மாதிரி நிக்கும், அத எடுத்ததும் உள்ள இருந்த ஆட்டம் வெளிய தெரியுது. வீக்கம் வத்துனதும் பல்லுக்கு நடுவுல சந்து தெரியும், கொஞ்ச நாள் ஜில்லுனு எதாவது குடிச்சா கூசும். இத எல்லாம் பாத்துட்டு அந்த அக்கா மாதிரி ஆளுங்க பழிய கிளீனிங் மேல போட்டுடறாங்க. எனாமல், அதாவது பல்லோட மேல்பூச்சு, தேயும்ங்கறதும் ஆதாரம் இல்லாத பயம்தான். போகும்போது டாக்டர்கிட்ட ஈறு ஆழம் அளந்து பாக்கச் சொல்லுங்க, கோடு போட்ட மெல்லிசான ஒரு கம்பிய பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல விட்டு பாப்பாங்க, 3 மில்லிமீட்டர் வரைக்கும் சாதாரணம், 4க்கு மேல போய் ரத்தமும் வந்தா ஈறுக்கு அடியிலயும் சுத்தம் பண்ண வேண்டி வரலாம், அதுக்கு மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வாங்க, பயப்பட ஒண்ணும் இல்ல. செலவு யோசனையா இருந்தா அரசு ஆஸ்பத்திரில பல் பிரிவு இருக்கான்னு கேட்டுட்டு போங்க.

இப்ப ரெண்டு மாத்திரை விஷயம். சுகர் கட்டுப்பாட்டுல இல்லன்னா ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டா சுகர கட்டுப்படுத்தறதும் கஷ்டமாகும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுக்கும். ஈறுக்கு ஒழுங்கா வைத்தியம் பண்ணா மூணு மாச சுகர் டெஸ்ட்டுல (ஹெச்பிஏ1சி) சராசரியா 0.4 பாயிண்ட் வாக்குல குறையுதுன்னு ஆய்வுகள் இருக்கு, இது சின்ன விஷயம் இல்லம்மா. அம்லோடிபின் சிலருக்கு ஈறு தடிச்சு பல்லு மேல ஏறி வளர வைக்கும், அழுக்கு இருக்கற வாயில இது கூடுதலாத் தெரியும். உங்களுக்கு அப்படி இருக்கான்னு பல் டாக்டர் பாத்துச் சொல்லட்டும், தேவைப்பட்டா பிபி பாக்கற டாக்டர் மாத்திரைய மாத்திக் குடுப்பார். நீங்களா நிறுத்திடாதீங்க.

தேய்க்கறது எப்படின்னு இதுவரைக்கும் யாரும் உங்களுக்கு சொல்லியிருக்க மாட்டாங்க. சாஃப்ட்னு போட்டிருக்கற பிரஷ் வாங்குங்க, பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். பிரஷ்ஷ பல்லு மேல நேரா வைக்காம ஈறு பக்கமா சாய்ச்சு, முடி பாதி ஈறு ஓரத்துலயும் பாதி பல்லுலயும் படற மாதிரி வச்சு, ரெண்டு பல்லு ரெண்டு பல்லா லேசா ஆட்டி ஆட்டிப் போங்க. பாத்திரம் வெளக்கற மாதிரி பரபரன்னு இழுத்தா ஈறு பல்ல விட்டு பின்வாங்கி வேர் தெரிஞ்சுடும். அந்த முன்பல்லு உள்பக்கத்துக்கு பிரஷ்ஷ செங்குத்தா நிமித்திப் பிடிங்க, அப்பதான் எட்டும். காலைல ராத்திரி ரெண்டு வேளையும், வேளைக்கு ரெண்டு நிமிஷம். ஒரு வேளதான் முடியும்னா காலைல விட்டாலும் ராத்திரி விடாதீங்க, தூங்கும்போது எச்சில் கொறஞ்சுடும், கிருமிக்கு அதுதான் கொண்டாட்டம். பல் சந்துக்குள்ள எந்த பிரஷ்ஷும் போகாது, அங்கதான் ஈறு முதல்ல கெடும், அதுக்குன்னு குட்டியா சந்து பிரஷ் மெடிக்கல்லயே கிடைக்கும், எந்த சைஸ்னு பல் டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க. முதல் வாரம் ரத்தம் வரத்தான் செய்யும், நிறுத்தாதீங்க, காரையும் எடுத்துட்டீங்கன்னா ரெண்டு வாரத்துல கொறையறது உங்களுக்கே தெரியும்.

உப்புத்தண்ணி வெதுவெதுப்பா கொப்பளிக்கலாம், தப்பில்ல. எண்ணெய் கொப்பளிக்கறதும் பிடிச்சா செய்ங்க, ஆனா தேய்க்கறதுக்கு பதிலா அது ஆகாது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் டாக்டர் சொன்னா ரெண்டு வாரம், அதுக்கு மேல ஓட்டாதீங்க, பல்லு பழுப்பேறிடும்.

சாப்பாடு பத்தி கேட்டீங்க. வைட்டமின் சிக்கும் ஈறுக்கும் சம்பந்தம் உண்டு, 1747ல ஜேம்ஸ் லிண்ட்னு பிரிட்டிஷ் கப்பல் டாக்டர் ஒருத்தர், மாசக்கணக்கா கடல்ல கிடந்து, வைட்டமின் சி கொறஞ்சு வர்ற ஸ்கர்விங்கற நோயால ஈறு அழுகிப்போன மாலுமிங்களுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் குடுத்து தேத்துனார், மெடிக்கல் கடைல இன்னைக்கும் மாத்திரைய எடுத்து நீட்டறதுக்கு அந்தக் காலத்துப் பழக்கம்தான் காரணம்னு நினைக்கறேன். உங்களுக்கு அந்த நோய் இருக்க வாய்ப்பு கம்மி, காரை இருக்கும்போது எத்தன மாத்திரை போட்டாலும் ரத்தம் நிக்காது. ஒரு கொய்யாக்கா, இல்லன்னா ஒரு நெல்லிக்கா, அன்னைக்கு வேண்டியது அதுலயே வந்துடும், சுகருக்கும் அளவா சாப்பிட்டா பிரச்சன இல்ல. கீரை, சுண்டல், மோர், மீன் சாப்பிடுவீங்கன்னா மத்தி இதெல்லாம் வழக்கமா சேத்துக்கோங்க. நான் அதைவிட பயப்படறது கம்பெனில 11 மணிக்கும் 4 மணிக்கும் வர்ற சர்க்கரை டீயும் பன்னும்தான், சுகருக்கும் கெடுதல், பல்லுல ஒட்டிக்கிட்டு மணிக்கணக்கா கிடக்கும். டீ வேணும்னா சர்க்கரை இல்லாம குடிச்சுட்டு பன்னுக்கு பதிலா வேர்க்கடலையோ சுண்டலோ கொண்டு போங்க, முடிச்சதும் ஒரு வாய் தண்ணி கொப்பளிங்க. இன்னொண்ணு, பாத்ரூம் போகணுமேன்னு வேலை நேரத்துல தண்ணியே குடிக்காம இருப்பீங்க, எனக்குத் தெரியும், வாய் காஞ்சா ஈறுக்கும் ஆகாது.

உங்க அம்மா வெத்தல பாக்கோட போயிலை போட்டுட்டு இருந்தாங்களான்னு யோசிச்சுப் பாருங்க, அதுவே பல்லு கொட்ட பெரிய காரணம். ஈறு சீக்கிரம் கெடற தன்மை குடும்பத்துல வர்றது உண்மைதான், ஆனா அது வந்தே தீரும்னு இல்ல. பையனுக்கு 14 வயசுல ஹார்மோன் மாத்தத்துல ஈறு லேசா வீங்கும், அந்த வயசுப் பசங்க தேய்க்கற லட்சணமும் நமக்குத் தெரிஞ்சதுதான், ராத்திரி உங்க பக்கத்துலயே நிக்க வச்சு தேய்க்கச் சொல்லுங்க. இருந்தாலும் சின்ன வயசுலயே கடவாய்ப் பல்லையும் முன்பல்லையும் சுத்தி எலும்பு வேகமா கரையற ஒரு வகை இருக்கு, அது குடும்பத்துல வரும், அதுல அழுக்கு அதிகமாவே தெரியாது. அதனால நீங்க போற அன்னைக்கே அவனையும் கூட்டிட்டுப் போய் ஈறு ஆழம் பாத்துடுங்க. ரெண்டு பேருல யாருக்காவது சீழ் வந்தாலோ, பல்லு ஆடினாலோ, முகம் வீங்கி காய்ச்சல் வந்தாலோ ஞாயித்துக்கிழம லீவு வரட்டும்னு காத்திருக்காம அன்னைக்கே போங்க.