தெள்ளுப்பூச்சித் தொல்லை: வாசகர் கேள்வி – பதில்

கே: மூன்று மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கிறோம். முன்பு குடியிருந்தவர்கள் நாய் வளர்த்தார்களாம். அவர்கள் விட்டுப்போன கார்ப்பெட்டில் கால் வைத்ததுமே எள் அளவுப் பூச்சிகள் துள்ளி ஏறிக் கணுக்காலைக் கடிக்கின்றன. நாயே இல்லாத வீட்டில் இது எப்படி?
– வாசகி, சென்னை

ப: துள்ளுவதாலும் கணுக்காலில் கடிப்பதாலும் இது தெள்ளுப்பூச்சிதான். உண்ணி துள்ளாது, ஊர்ந்துதான் போகும். மூட்டைப்பூச்சியும் துள்ளாது, அது படுக்கையில், தூக்கத்தில் கடிக்கும்.

பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும். முட்டை வழுவழுப்பானது, ரோமத்தில் ஒட்டாது. நாய் படுத்த இடம், உடம்பை உதறிய இடம் எல்லாம் உதிர்ந்துவிடும். பொரித்து வரும் புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. கார்ப்பெட் இழைகளின் அடிக்கும் சோபாவின் அடிக்கும் போய், பெரிய பூச்சிகள் கழித்த ரத்தத் துகளைத் தின்று வளரும். பிறகு பிசுபிசுப்பான கூடு கட்டி உள்ளே அடங்கிவிடும். கூட்டின் மேல் தூசி ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது. கூட்டுக்குள் பூச்சி மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வு, உடல் சூடு, மூச்சுக்காற்று இவை பட்டால்தான் வெளியே வரும். நீங்கள் உள்ளே நுழைந்தபோது நடந்தது அதுதான்.

அந்தக் கார்ப்பெட் உங்களுக்குத் தேவையில்லை என்றால் எடுத்துப் போட்டுவிடுவதே நல்லது. சுருட்டி, பெரிய பாலிதீனில் சுற்றி, வாய் கட்டிய பிறகே வெளியே கொண்டு போங்கள். இல்லையென்றால் வழியெல்லாம் முட்டை உதிரும். மொட்டை மாடி, படிக்கட்டு அடி, பரண் ஆகியவற்றில் தெருப்பூனையோ எலியோ தங்குகிறதா என்றும் பாருங்கள். தங்கினால் அந்த வழியை அடைக்காமல் தொல்லை தீராது.

கே: பூச்சிமருந்து அடித்தோம். இரண்டு நாள் நிம்மதி, பிறகு மறுபடியும் கடி. மருந்து போலியா?
– வாசகர், கோவை

ப: போலியாக இருக்க வேண்டியதில்லை. கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் எட்டாது. அடித்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை, சில நேரம் அதற்கு மேலும், புதுப் பூச்சிகள் வந்துகொண்டேதான் இருக்கும். பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். கண்ணில் படும் பெரிய பூச்சி மொத்தத்தில் ஐந்து சதவீதம்தான். மிச்சமெல்லாம் முட்டை, புழு, கூடு.

கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரே போதாது. பெரிய பூச்சியைக் கொல்லும் மருந்தோடு, முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும் பைரிப்ராக்ஸிஃபென் அல்லது மெத்தோபிரீனும் சேர வேண்டும். பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்களிடம் இந்தப் பெயர்களைச் சொல்லியே கேளுங்கள். வெயில் பட்டால் மெத்தோபிரீன் சீக்கிரம் வீரியம் இழக்கும். ஜன்னலோரத்துக்குப் பைரிப்ராக்ஸிஃபென்தான் மேல்.

மருந்துக்கு முன் வாக்யூம் போட்டாக வேண்டும். ஒரே இடத்தில் மெதுவாக, முதலில் நெடுக்கில், பிறகு குறுக்கில் இழுங்கள். சுவரோரத்துக்குக் குறுகிய முனையை மாட்டுங்கள். அந்த அதிர்வே கூட்டிலிருப்பதை வெளியே வரவைக்கும், வந்தது மருந்தில் பட்டுச் சாகும். அதனால் மருந்து காய்ந்த பின்னும் இரண்டு வாரம் தினமும் வாக்யூம் போடுங்கள். தூசிப் பையை வீட்டுக்கு வெளியே வைத்துக் கட்டி உடனே குப்பையில் போடுங்கள். மீன்தொட்டி இருந்தால் மூடி, காற்று மோட்டாரை நிறுத்திவிட்டு மருந்து அடியுங்கள். பெரிய பூச்சியைக் கொல்ல அடிக்கும் பைரெத்ராய்டு வகை மருந்து மீன்களைக் கொன்றுவிடும்.

கே: சோபாவை எப்படிச் சுத்தம் செய்வது?
– வாசகி, மதுரை

ப: மெத்தைகளை எடுத்துவிட்டு, இருக்கையும் முதுகுச் சாய்வும் சேரும் மடிப்பில் வாக்யூமின் குறுகிய முனையை ஆழமாக விட்டு இழுங்கள். பிறகு சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் கறுப்புத் துணி தைத்திருக்கும். அது கிழிந்திருந்தால் தூசியோடு புழுவும் உள்ளே இருக்கும். உறைகளை 60 டிகிரி சூட்டு நீரில் துவையுங்கள். சுருங்கும் துணியானால் உச்சிவெயிலில் பிரித்துப் போடுங்கள். புழு வறண்டு சாகும்; கூட்டுக்கு அது போதாது, அதற்கு வாக்யூம்தான். உப்பு, சமையல் சோடா தூவுவதை நம்ப வேண்டாம். சென்னை போன்ற ஈரக் காற்றில் உப்பு நீர்த்துப்போய்த் துணிதான் கெடும்.

கே: நாய்க்கு வாங்கிய பவுடரைப் பூனைக்கும் போடலாமா? தரையை ஃபினாயிலால் துடைக்கிறோம்.
– வாசகர், திருச்சி

ப: இரண்டும் வேண்டாம். நாய்க்கான பல மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். எச்சில் ஒழுகும், உடல் நடுங்கும், வலிப்பு வரும். தவறிப் போட்டுவிட்டால் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்துக் கழுவி, அப்போதே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். ஃபினாயிலில் நடந்த பூனை தன் பாதத்தை நக்கும், அதுவும் ஆபத்து. மண்ணெண்ணெய், கற்பூரம் தடவுவதும் கூடாது.

பூனைக்குப் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க, சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈர வெள்ளைத் தாளில் வையுங்கள். துருச் சிவப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு. எடைக்கேற்ற மருந்தை மருத்துவர் தருவார். வீட்டில் உள்ள எல்லாப் பிராணிக்கும் ஒரே நாளில் கொடுங்கள். ஒன்றை விட்டாலும் அதன் மேல் பூச்சி பெருகி முட்டை மறுபடி கார்ப்பெட்டுக்கு வந்துவிடும்.

கே: நாயின் ஆசனவாயில் அரிசி போல ஏதோ ஒட்டியிருக்கிறது. இதற்கும் தெள்ளுக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகி, சேலம்

ப: உண்டு. அது நாடாப்புழுவின் துண்டு. நாய் கடித்து விழுங்கும் தெள்ளு வழியாகவே இது வயிற்றுக்குள் போகிறது. தரையில் விளையாடும் குழந்தை தப்பித் தவறித் தெள்ளை விழுங்கினாலும் வரும். நாய்க்குப் பிராசிகுவான்டெல் அடங்கிய புழு மருந்தைக் கால்நடை மருத்துவர் தருவார். தெள்ளை ஒழிக்காமல் அதை மட்டும் கொடுத்தால் சில வாரத்தில் புழு திரும்ப வரும். குழந்தையின் மலத்தில் அரிசி போன்ற துண்டு தெரிந்தால், அதைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.