மூடா ஆற்றுத் தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது?

கேள்வி: பருவநிலை நீதி இருந்தால்தான் அமைதி நிலைக்கும் என்கிறார்களே அக்கா, வெயிலுக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: பருவநிலை மாற்றத்தின் சுமையை எல்லாரும் நியாயமாகப் பகிர்ந்துகொள்வதுதான் பருவநிலை நீதி. அதற்கும் சண்டைக்கும் உள்ள சம்பந்தம் நம் வீட்டுப் பைப்பிலேயே இருக்கிறது தம்பி. பினாங்கின் தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு ஊறுவது பக்கத்து மாநிலமான கெடாவின் உலு மூடா காட்டில். ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் கொடுங்கள் என்று கெடா கேட்கிறது. ஆறு எங்கள் எல்லையிலும்தானே ஓடுகிறது, எதற்குக் கொடுக்க வேண்டும் என்கிறது பினாங்கு. என் அண்ணன் கெடாவில், சுங்கைப்பட்டாணியில் இருக்கிறார். தீபாவளிக்குக் கூடினால்கூட, "எங்க தண்ணிய ஓசியிலதானே குடிக்கிறீங்க" என்று ஆரம்பித்துவிடுவார்.

நான் பினாங்குப் பக்கம், பட்டர்வொர்த்காரி. ஆனாலும் அண்ணன் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆற்று நீருக்கு விலை வைப்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் காட்டை வெட்டாமல் வைத்தால் கெடாவுக்கு மர வருமானம் போகிறது. பலன் நமக்கும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கும் வருகிறது. அந்த நட்டத்தை அவர்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? பசிபிக் கடல் சூடேறி இங்கே மழை குறைவதை எல் நினோ என்பார்கள்; 2016-இல் அப்படி வந்த வறட்சியில் மூடா அணையில் நீர் மோசமாக இறங்கியது. அப்படிப்பட்ட ஆண்டுகள் அடிக்கடி வந்தால், இருக்கிற தண்ணீர் கெடாவின் நெல் வயலுக்கா, நம் பைப்புக்கா என்று நிற்போம். காட்டைக் காக்க ஒரு தொகையைப் பினாங்கும் கூட்டரசும் சேர்ந்து இப்போதே ஒப்புக்கொள்ள வேண்டும். அணை வற்றிய பிறகு யாரும் நிதானமாகப் பேச மாட்டார்கள்.

இங்கே வாய்ச்சண்டையோடு போகிறது. சூடானின் டார்ஃபூரில் அப்படிப் போகவில்லை. பல பத்தாண்டுகளாக மழை பொய்த்ததில், ஒட்டகம் மேய்ப்பவர்கள் தெற்கே விவசாயிகளின் நிலத்துக்கு இறங்கினார்கள். 2003-இல் போர் மூண்டது. மழை மேல் மட்டும் பழி போட முடியாது. ஒரு தரப்புக்கு அரசே ஆயுதம் கொடுத்தது. ஆனால் பூமி சூடாவதில் அந்த ஏழைகளின் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இப்படிப்பட்டவர்களுக்காக இழப்பீட்டு நிதி ஒன்று வேண்டும் என்று உலக நாடுகள் ஒப்புக்கொள்ளவே 2022 ஆகிவிட்டது. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

கேள்வி: மரம் நட்டதற்கு அமைதி நோபல் பரிசா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: ஆமாம் அம்மா. கென்யாவின் வங்காரி மாத்தாய், 2004. விறகுக்கும் தண்ணீருக்கும் வெகுதூரம் நடந்த கிராமத்துப் பெண்களைத் திரட்டி 1977-இல் மரம் நடத் தொடங்கியவர். நைரோபியில் உஹுரு பூங்காவுக்குள் 60 மாடிக் கட்டடம் கட்ட ஆளுங்கட்சி கிளம்பியபோது எதிர்த்து நின்று தடுத்ததும் அவர்தான்.