டிராக்குக்குப் போகும் முன்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் குழு உறுப்பினர்களின் கேள்விகளும் பதில்களும்

பந்தயப் பருவம் தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்தவர்கள் நிறையக் கேள்விகளை அனுப்பியிருக்கிறீர்கள். நான் பல வருடங்களாகப் பழைய கார்களைப் பந்தயத்தில் ஓட்டுகிறேன். ஓட்டாத நாட்களில் மற்றவர்களின் கார்களைப் பந்தயத்துக்கு முன் சோதித்து அனுப்பும் வேலை பார்க்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. சாலையில் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். இந்த வருடமே பந்தயத்தில் இறங்கலாமா அண்ணா?

இறங்கலாம் தம்பி, ஆனால் முதலில் பத்துப் பதினைந்து கார்களுக்கு நடுவே நிற்க வேண்டாம். நேரம் குறிக்காத பயிற்சி நாள் ஒன்றில் பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டுங்கள். அப்புறம் மலையேற்றப் பந்தயம் அல்லது ஸ்பிரிண்ட். இரண்டிலும் ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும், கடிகாரம் மட்டும்தான் எதிரி. இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ் மலைப் பாதையில் 1905 முதல் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். அதன் மொத்த நீளம் 914 மீட்டர். அவ்வளவு சின்ன தூரத்துக்கே ஒரு வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வருபவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் காரின் 1798 சிசி என்ஜின் பொறுமைசாலி, கற்றுக்கொள்ள ஏற்றது. முதல் வருடம் ஒரே ஒரு குறி போதும்: போகும் எல்லா நிகழ்ச்சியிலிருந்தும் காரை நீங்களே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவது.

நீளமான வலது வளைவில் மட்டும் ஆயில் பிரஷர் முள் லேசாக இறங்கி, நேர்ப்பாதைக்கு வந்ததும் ஏறிவிடுகிறது. மீட்டர் பழசு, அதனால் இருக்குமோ?

தயவுசெய்து மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.

பல வருடங்களுக்கு முன், இதே அறிகுறி. மூன்று சுற்றுக்கு முள் இறங்கி ஏறியது. "பழைய மீட்டர்தானே" என்று அமுக்கி ஓட்டினேன். ஏழாவது சுற்றில் என்ஜினின் அடிப்பகுதியிலிருந்து டொக் டொக் என்று ஒரு சத்தம். சுத்தியலால் மரத்தைத் தட்டுவது போல, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேகமாகத் தட்டியது. நிறுத்திவிட்டுப் பிறகு சம்ப்பை, அதாவது என்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியை, கழற்றியபோது ஆயிலில் வெள்ளிப் பொடி மினுமினுத்தது. கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் பெரிய முனை பேரிங் இரண்டு தேய்ந்து செம்பு தெரிந்தது. கிராங்க் ஷாஃப்ட்டும் போனது.

நடப்பது இதுதான். வலது வளைவில் சம்ப்பிலுள்ள ஆயில் மொத்தமும் இடது சுவரில் ஏறி நிற்கும். நடுவில் இருக்கும் உறிஞ்சு குழாய் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். சாலையில் ஒரு வளைவு ஒன்றிரண்டு நொடியில் முடிந்துவிடும், அதனால் தெரியாது. டிராக்கில் ஆறேழு நொடி பிடித்து ஓட்டும்போது பேரிங்குக்கு ஆயில் படலமே இல்லாமல் போகிறது. அதுவும் அதிக ஆர்பிஎம்மில்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஆயிலை எப்போதும் மேல் கோடு வரை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைத்து, ஆயில் பக்கவாட்டில் ஓடாதபடி செய்யுங்கள். அந்தக் காலத்துப் பந்தயக் கார்களிலும் இதைச் செய்தார்கள், அதனால் உங்கள் காரின் தன்மை கெடாது. அதுவும் போதாவிட்டால் அழுத்தத்தில் ஆயிலைச் சேமித்து வைத்து, பிரஷர் இறங்கும்போது உள்ளே தள்ளும் அக்யூமுலேட்டர் உண்டு. அதுவரை அந்த வளைவில் காலை எடுத்து ஓட்டுங்கள். அரை நொடி போகும், என்ஜின் இருக்கும்.

என் காரில் கம்பிச் சக்கரங்கள். பந்தயத்துக்கு ஏற்றவைதானா? எப்படிச் சோதிப்பது?

ஏற்றவைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ஒரு சின்ன ஸ்பானரை எடுத்து ஸ்போக்ஸ் ஒவ்வொன்றையும் வரிசையாகத் தட்டுங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்ததோ விரிசல் விட்டதோ மந்தமாக 'தட்' என்று மட்டும் சொல்லும். பக்கத்துக் கம்பியின் சத்தத்தோடு ஒப்பிட்டால் குழந்தைக்கும் வித்தியாசம் புரியும். நான் சோதிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு தட்டுவேன். அப்படித்தான் காது நன்றாக வேலை செய்கிறது.

அப்புறம் சக்கரத்தைக் கழற்றி, அது மாட்டும் ஹப்பின் பல்வரிசையைப் பாருங்கள். பற்களின் முனை கத்தி போலக் கூர்ந்திருந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிரேக் பிடிக்கும்போதும் வேகம் கூட்டும்போதும் 'கிளிக்' என்று கேட்கும். அந்த ஹப்போடு டிராக்குக்கு வரவேண்டாம். இன்னொன்று: நடுவிலுள்ள பெரிய திருகு மூடிக்கு இடப்பக்கம் ஒரு மரை, வலப்பக்கம் எதிர் மரை. ஹப்பைப் பக்கம் மாற்றிப் போட்டால் ஓட ஓட மூடி தானாகக் கழன்றுவிடும். பழுது பார்த்து முடித்த கார்களில் இந்தத் தவறை நானே இரண்டு முறை பிடித்திருக்கிறேன்.

டயரில் பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளம்) இன்னும் நன்றாக இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பட்டனைப் பார்க்காதீர்கள், வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். வருடத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் நம் கார்களில் பட்டன் தேயாது, ரப்பர்தான் கல்லாகிவிடும்.

மூன்று நான்கு சுற்றிலேயே பிரேக் வேலை செய்யவில்லை. பேட் மாற்றினால் போதுமா சார்?

முதலில் பெடல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பெடல் பஞ்சு போல அமுங்கித் தரைவரை போகிறதா? அப்படியானால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி வந்திருக்கிறது. பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லையா? அப்போது சூட்டில் லைனிங் பிடிப்பு இழந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ரகப் பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் சேர்ந்ததற்கு அதே தரம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. டிராக்கில் இந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். எனவே பருவத்துக்கு ஒரு முறையாவது முழுவதையும் மாற்றுங்கள். மூடி திறந்து பாதி மிச்சமிருக்கும் பழைய டப்பாவை ஊற்றாதீர்கள்.

டிரம் பிரேக் காரில் பேட் பேச்சே இல்லை, ஓட்டும் முறையைத்தான் மாற்ற வேண்டும். வளைவுக்கு முன் கொஞ்சம் சீக்கிரமாக, ஒரே தடவை அழுத்தமாகப் பிடித்து விட்டுவிடுங்கள். காலைத் தேய்த்துக்கொண்டே வந்தால் டிரம் ஆறாது. 1953-இல் ஜாகுவார் சி-டைப் கார் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றதற்கு அதன் டிஸ்க் பிரேக் பெரிய காரணம். மற்றவர்கள் டிரம் சூடேறித் தவித்தபோது ஜாகுவார் ஓட்டுநர்கள் ஒவ்வொரு வளைவுக்கும் தாமதமாகப் பிரேக் பிடித்தார்கள்.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போடலாமா?

கூடாது. கார்ப் பந்தய ஹெல்மெட்டின் உள்துணி தீயைத் தாங்கும், சட்டக் கம்பியில் திரும்பத் திரும்ப மோதுவதையும் கணக்கில் எடுத்துச் செய்யப்பட்டது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கு அந்தச் சோதனைகள் கிடையாது. என்னிடம் சோதனைக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

திறந்த காரில் ரோல் பார் வைத்தால் அழகு போய்விடும் என்று தயங்குகிறேன். நல்ல சீட் பெல்ட் மட்டும் போட்டால் போதாதா?

இந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. அந்தக் காரின் கோட்டை வரைந்தவர் பின்னால் ஒரு வளைந்த குழாயை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் பெல்ட் மட்டும் போடுவது மோசமான வழி. கார் கவிழ்ந்தால், பெல்ட் உங்களை நிமிர்ந்து உட்கார வைத்துவிடும். காரின் மிக உயரமான பாகம் உங்கள் தலையாக இருக்கும். 1950-களில் திறந்த காரில் பலரும் பெல்ட்டே இல்லாமல் ஓட்டினார்கள், வெளியே தூக்கி எறியப்பட்டால் பிழைக்கலாம் என்ற கணக்கில். அந்தக் கணக்குப் பலரைக் கொன்றது.

பெல்ட் வேண்டும், ரோல் பாரும் வேண்டும். வெல்டிங் இல்லாமல் போல்ட்டில் மாட்டும் வகையைப் போடுங்கள். கழற்றிய பாகங்களைச் சீட்டு எழுதி ஒரு பெட்டியில் வையுங்கள். ஒரு மாலைப் பொழுதில் கார் பழையபடி ஆகிவிடும்.

உலகக் கார்ப் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் உள்ள கார் விற்பனைக்கு வந்திருக்கிறது. அப்படியென்றால் அது அசல் கார்தானே?

இல்லை, நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. கார் அந்தக் காலத்துத் தொழில்நுட்ப விவரப்படி இருக்கிறது, பந்தயத்தில் ஓடலாம் என்பதற்கு மட்டுமே அந்தப் பாஸ்போர்ட் சான்று. அது எந்த வருடம், யார் கையால் உருவானது, என்னென்ன பந்தயம் ஓடியது என்பதற்குச் சான்று அல்ல. வரலாற்றை நீங்கள்தான் தேட வேண்டும்: சேஸிஸ் எண், பழைய பில்கள், புகைப்படங்கள், முன்பு வைத்திருந்தவர்கள்.

ஜாகுவார் இலகு எடை இ-டைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களில் 18 கார்கள் கட்டத் திட்டமிட்டு 12 மட்டுமே கட்டினார்கள். மிச்ச ஆறையும் கட்டப்போவதாக அந்த நிறுவனமே 2014-இல் அறிவித்தது. அதே நிறுவனம், அதே வரைபடம், அதே எண் வரிசை. ஆனாலும் அந்த ஆறையும் பழைய பன்னிரண்டையும் யாரும் ஒன்றாக நினைப்பதில்லை. ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இந்த வேறுபாடு உங்களைப் பாதிக்காது. அசல் என்று நம்பி வாங்கினால் பாதிக்கும்.

ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய என்ஜினைக் கெடுக்குமா? பந்தயங்களில் புதிய எரிபொருள் வருவதாகவும் கேள்விப்பட்டேன்.

இரும்பு சிலிண்டர் ஹெட் உள்ள பழைய என்ஜின்களில் ஈயம் வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே மெத்தை போல இருந்தது. அது இல்லாமல் அதிக ஆர்பிஎம்மில் நெடுநேரம் ஓட்டினால் இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே புதையும். வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் அதுதான் அறிகுறி. அடுத்து ஹெட்டைத் திறக்கும்போது அந்த இருக்கைகளில் கெட்டி வளையம் போட்டுவிடுங்கள், முடிந்தது.

பெட்ரோலில் கலக்கும் எத்தனால்தான் எனக்கு அதிகக் கவலை. பழைய ரப்பர்க் குழாயை உப்ப வைத்து விரிசல் விடச் செய்யும். கார்புரேட்டருக்கு அருகில் ஒழுகும் ஒரு சொட்டு போதும். குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றி, விரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. இங்கிலாந்தின் பழைய கார்ப் பந்தய விழாவான குட்வுட் ரிவைவலின் 2024 பந்தயங்கள் முழுவதும் குறைந்தது 70 சதவீதம் நீடித்துக் கிடைக்கும் மூலங்களிலிருந்து வந்த எரிபொருளில் ஓடின. 1948 முதல் 1966 வரை அந்த டிராக்கில் ஓடிய வகைக் கார்கள்தான் அங்கே வருகின்றன. அவை அந்த எரிபொருளில் முழு வேகத்தில் ஓடியதைப் பார்த்து எனக்குப் பெரிய நிம்மதி. நம் கார்களுக்கு இனி பல வருடம் ஓட வழி இருக்கிறது.

கணவர் ஓட்டுகிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் பார்க்கப் போகிறேன். சீரான வேகப் போட்டி இதுதான் முதல் தடவை. எனக்கு என்ன சொல்வீர்கள் சார்?

பாதிக்கு மேல் வேலை உங்களுடையது அம்மா. இந்தப் போட்டியில் சீக்கிரம் வந்தாலும் தண்டனை, தாமதமாக வந்தாலும் தண்டனை. மணிக்கு 48 கிலோமீட்டர் சராசரி என்றால் 4 கிலோமீட்டரை சரியாக 5 நிமிடத்தில் கடக்க வேண்டும்.

முதல் வேலை, உங்கள் காரின் தூரமானியைச் சரிபார்ப்பது. தூரம் தெரிந்த பத்து கிலோமீட்டர் சாலையில் ஓட்டிப் பாருங்கள். 10.2 காட்டினால் இரண்டு சதவீதம் கூடுதல். சின்னதாகத் தெரியும், ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் ஆறு நொடி தவறிவிடும். இத்தாலியில் நடக்கும் இன்றைய மில்லே மிலியா போட்டியில் நொடியின் நூறில் ஒரு பங்கு வரை கணக்கு வைக்கிறார்கள்.

அந்தப் பந்தயத்தின் பழைய வடிவம் முழு வேகப் பந்தயம். 1955-இல் ஸ்டிர்லிங் மாஸ் சுமார் 1,600 கிலோமீட்டரை 10 மணி 7 நிமிடம் 48 நொடியில் ஓட்டி வென்றார். பக்கத்தில் இருந்தவர் டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகையாளர். முன்பே சாலையை ஓட்டிப் பார்த்து எழுதிய குறிப்புகளை ஒரு காகிதச் சுருளாக்கி, உலோகப் பெட்டியில் வைத்துத் திருகிக்கொண்டே படித்தார். என்ஜின் சத்தத்தில் பேச முடியாது, அதனால் கை ஜாடை. நீங்களும் கணவரும் நான்கைந்து ஜாடைகளை வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: வேகம் கூட்டு, குறை, அடுத்த திருப்பம், தவறிவிட்டோம். வண்டிக்குள் சண்டை பாதியாகக் குறையும்.

வேகமான கார் பின்னால் வந்து நீலக் கொடி காட்டினால் உடனே ஒதுங்க வேண்டுமா?

திடீரென்று ஒதுங்காதீர்கள். உங்கள் கோட்டிலேயே ஒரே சீராகப் போங்கள், கண்ணாடியைப் பாருங்கள். பாதுகாப்பாக முந்துவது பின்னால் வருபவர் பொறுப்பு. நீலக் கொடியைவிட நான் அஞ்சுவது ஆரஞ்சு வட்டம் போட்ட கறுப்புக் கொடியை. உங்கள் எண்ணோடு அது வந்தால் காரில் ஏதோ கழன்றிருக்கிறது அல்லது ஒழுகுகிறது என்று அர்த்தம். இன்னும் ஒரு சுற்று என்று ஆசைப்படாமல் உள்ளே வாருங்கள். நீங்கள் சிந்தும் ஆயிலில் வழுக்கப்போவது உங்களுக்குப் பின்னால் வருபவர்.

குழுவின் செய்தி மடலுக்குப் பந்தயச் செய்தி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். யார் எந்த இடம் என்பதைத் தவிர என்ன எழுதுவது?

இடங்களை ஒரு பட்டியலாகப் போட்டு முடித்துவிடுங்கள். மிச்ச இடத்தில், முடிக்க முடியாத கார்களைப் பற்றி எழுதுங்கள். எந்தச் சுற்றில் நின்றது, என்ன சத்தம் கேட்டது, திறந்து பார்த்தபோது என்ன உடைந்திருந்தது, எந்தப் பாகம் போட்டார்கள், அது பொருந்தியதா. என் பேரிங் போன கதையை அப்போது மடலில் எழுதினேன். அடுத்த வாரமே அதே மாடல் கார் வைத்திருந்த ஒருவர் தன் சம்ப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். அவர் காரிலும் தடுப்புத் தகடு இல்லை. அந்த வாரமே போட்டுவிட்டார். அவர் கார் இன்னும் அதே என்ஜினில் ஓடுகிறது.