மூடி வைத்த வாளியில் உரம் வராது

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். ஒரு விற்பனையாளர் சொன்னதை நம்பி, அவரிடம் வாங்கிய தவிட்டுப் பொடியைத் தூவித் தூவி, காய்கறித் தோலை இறுக்கமாக மூடும் வாளியொன்றில் ஆறு வாரமாகச் சேர்த்தேன். இப்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது, அடியில் கறுப்புத் தண்ணீர் நிற்கிறது, புழுவும் நெளிகிறது. இன்னொரு பொட்டலம் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா? அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றலாமா?

பதில்: வாங்கவும் வேண்டாம், ஊற்றவும் வேண்டாம். தண்ணீரைக் கழிவறையில் கொட்டிவிடுங்கள்.

நீங்கள் வாங்கியது ஜப்பானில் 'பொகாஷி' என்று அழைக்கப்படும் முறைக்கான பொடி. அந்த முறையில் காற்றுப் புகாமல் கழிவைப் புளிக்க வைக்கிறார்கள். வாளியின் அடியில் ஒரு குழாய் இருக்கும், இரண்டொரு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை வடித்துவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் கிடைப்பதும் உரமல்ல, ஊறுகாயைப் போலப் புளித்த கழிவுதான். அதை மண்ணில் புதைத்து இன்னும் சில வாரங்கள் விட்ட பிறகே செடிக்கு ஆகும். குழாயில்லாத வாளியைக் காட்டிப் பொடியை விற்றவர், புதைக்க மண் வேண்டும் என்பதையும் சொல்லாமல் விட்டிருக்கிறார். அடுக்குமாடியில் குடியிருப்பவர் எந்த மண்ணைத் தோண்டுவார்? புளித்த மாவின் வாசனை வர வேண்டிய இடத்தில் முட்டை நாற்றம் வந்தால் அது கெட்டுவிட்டது என்று பொருள், அதற்குமேல் எத்தனை பொட்டலம் தூவினாலும் பயனில்லை.

உங்களுக்கு ஏற்றது காற்றோட்டமுள்ள முறை. வாளியின் பக்கங்களிலும் அடியிலும் விரல் கனத்துக்குத் துளைகள் போட்டு, கீழே ஒரு தட்டு வையுங்கள். உள்ளே இருப்பதைச் செய்தித்தாளில் கொட்டி, ஒரு பங்குக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு காய்ந்த சருகோ, கிழித்த அட்டையோ, முட்டை அடுக்கும் காகிதத் தட்டோ கலந்து மீண்டும் போடுங்கள். தோலில் நைட்ரஜன் மிகுதி, சருகில் கரிமம் மிகுதி. ஒரு மடங்கு நைட்ரஜனுக்கு ஏறக்குறைய முப்பது மடங்கு கரிமம் இருந்தால் நுண்ணுயிரிகள் நாற்றமில்லாமல் வேலை செய்யும். இந்தக் கணக்கை மனத்தில் வைக்காவிட்டாலும் கையால் பார்க்கலாம்: ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஓரிரு சொட்டு கசிய வேண்டும், ஒழுகினால் சருகு போதவில்லை. புழுக்கள் தட்டையாக, சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் இருந்தால் அவை கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். தீங்கில்லை, ஈரம் குறைந்தால் அவையும் குறையும்.

பொடி, 'என்சைம்' திரவம், உயிர்க்கரைசல் என்று எதையாவது விற்க வருபவரிடம், அது இல்லாமல் என்ன நடக்கும் என்று கேளுங்கள். மட்கவைக்கும் நுண்ணுயிரிகள் சருகிலும் தோலிலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கின்றன. பெயரும் சேர்மானமும் அச்சிடாத பையில் 'இயற்கை உரம்' என்று விற்கப்படுவதைத் திறந்ததும் மூக்கில் அமோனியா ஏறினால், அது பாதி வெந்த சோறு மாதிரி. தொட்டியில் போட்டால் வேரைச் சுடும். விற்பவர் சுத்தமான மாட்டெரு என்று சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள்.

இறைச்சியும் எண்ணெய் படிந்த சோறும் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூஜைப் பூவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில்தான் இந்தத் தவறு நடக்கிறது. வாழைநாரில் கட்டிய மாலையானால் நாரோடு வெட்டிப் போடலாம். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கும் மாலைகளில் பலவற்றில் நைலான் நூலும் சரிகை இழையும் இருக்கின்றன. அவை எத்தனை மாதமானாலும் மட்காமல் வேரைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். ஆகவே பூவை உருவி எடுத்துவிட்டு நூலைக் குப்பையில் போடுங்கள். சாயம் ஏற்றிய பூ, மினுக்குத்தூள் தெளித்த பூ இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள். குங்குமம் படிந்ததை நான் போடமாட்டேன், அதில் என்ன சாயம் இருக்கிறதென்று அதன் பொட்டலம் சொல்வதில்லை.

சருகுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலைதான் சிறந்தது, விரைவில் மட்கிவிடும். ஆனால் இந்த ஊரில் காலையில் உதிர்ந்தது மதியத்துக்குள் கறுப்புப் பையில் கட்டப்பட்டு லாரியில் ஏறிவிடுகிறது. செமக்காவ் குப்பை நிரப்பிடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று ஒரு பக்கம் எச்சரிக்கிறார்கள். மறுபக்கம், ஒரு பை சருகு கேட்ட என்னை ஓர் அலுவலகத்தில் மூன்று பேரிடம் மாற்றிவிட்டார்கள், மூவருமே அது தங்கள் பொறுப்பல்ல என்றார்கள். அதனால் புளோக்கைக் கூட்டுபவரிடமோ அருகிலுள்ள சமூகத் தோட்டத்துக்காரர்களிடமோ நேரே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். வாளியைத் தாழ்வாரத்தில் வைக்காதீர்கள். வழி மறிக்கிறது என்று கடிதம் வரும். தட்டில் தேங்கும் நீரை அன்றன்றே துடைத்துவிடுங்கள், கொசு முட்டையிட அதுவே போதும்.

வாரம் ஒருமுறை கிளறினால் நம் வெக்கைக்கு மூன்று மாதத்தில் உரம் கறுத்து, மழை பெய்த மண்ணின் வாசனை வரும். சிறிய வாளி அதிகம் சூடாவதில்லை, அதனால் தக்காளி விதை சாகாமல் முளைக்கும், நோய்பட்ட இலையிலுள்ள கிருமியும் பிழைத்திருக்கும், அவற்றைப் போடாதீர்கள். செடிக்கு இடுவதற்கு முன், ஒரு பங்கு உரத்துடன் மூன்று பங்கு மண் கலந்து பத்துப் பச்சைப்பயறும், வெறும் மண்ணில் இன்னொரு பத்தும் ஊன்றுங்கள். நான்கு நாளில் இரண்டும் ஒரே மாதிரி முளைத்திருந்தால் கறிவேப்பிலைத் தொட்டியில் இடலாம். உரம் கலந்த பக்கத்தில் வேர் நுனி பழுப்பாகக் கருகியிருந்தால் வாளியை இன்னும் இரண்டு வாரம் அப்படியே விட்டுவிடுங்கள்.