ஆமைக்கு எதற்கு நான்கு பக்கம்?

கேள்வி: காசா, உக்ரேன், சூடான் என்று எங்கே பார்த்தாலும் சாவுச் செய்தி. நீங்களோ போன இதழில் அல்டாப்ரா என்ற, யாருமே இல்லாத தீவின் ஆமைகளுக்கும் பறக்காத பறவைக்கும் நான்கு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். யுத்தத்தை அனுபவித்த திருகோணமலையில் இருந்துகொண்டு இப்படி முகத்தைத் திருப்பலாமா? இந்தத் தொடரை நிறுத்துவீர்களா?

– ஒரு வாசகி, நிலாவெளி

பதில்: நிறுத்த மாட்டேன். அந்தத் தீவின் கதையில் யுத்தமும் இருக்கிறது, சகோதரி. நம் துறைமுகமும் இருக்கிறது.

1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனது. அடுத்த பத்து வருடத்துக்குள், இந்து சமுத்திரத்தில் விமானத்தளம் போட லண்டன் கண்வைத்த தீவுகளில் ஒன்று அல்டாப்ரா. ஏறத்தாழ ஒரு லட்சம் ராட்சத ஆமைகள் வாழும் இடம். 1874இலேயே இந்த ஆமைகளைக் காப்பாற்றச் சொல்லி மொரிசியஸ் ஆளுநருக்குப் போன கடிதத்தில் டார்வின் கையொப்பம் இட்டிருக்கிறார். விமானத்தளம் என்றதும் விஞ்ஞானிகள் கொதித்து எழுந்தார்கள். டாம் டாலியெல் என்ற எம்.பி. பாராளுமன்றத்தில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். 1967 நவம்பரில் பிரித்தானியப் பவுண் நாணயத்தின் மதிப்பு இறங்க, திட்டத்தைக் கைவிட்டார்கள். பணமுடைதான் பெரிய காரணம், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஆமையைக் கண்டு வியந்தவர்கள் அவ்வளவு சத்தம் போட்டிராவிட்டால், பணமுடை வருமுன்பே அங்கே வேலை தொடங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பறவையையும் விட்டுவிட மனமில்லை. நம் குளக்கரைக் கானாங்கோழியின் உறவுதான். மடகஸ்காரில் இருந்து பறந்து வந்து, துரத்திப் பிடிக்க விலங்கு இல்லாத தீவில் பறக்கும் வலுவை இழந்துவிட்டது. சுமார் 1,36,000 ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறி அல்டாப்ரா முழுவதும் மூழ்கியது. பறக்க முடியாதது எங்கே போகும்? அழிந்தது. அப்புறம் கடல் இறங்கித் தீவு வெளியே வந்தபோது, அதே மூதாதை இனம் மறுபடியும் பறந்து வந்தது, மறுபடியும் பறப்பதை விட்டது! மூழ்குவதற்கு முன்னும் பின்னும் வாழ்ந்த பறவைகளின் புதைபடிவ எலும்புகளை ஒப்பிட்டு 2019இல் இதை வெளியிட்டார்கள். இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. சாவுச் செய்தி வாசித்தும் அப்படி எத்தனையோ இரவுகள் கிடந்திருக்கிறேன். இரண்டும் ஒரே மனதுக்குள்தான் நடக்கின்றன. ஒன்றுக்காக மற்றதை ஏன் மூட வேண்டும்?

சரி, ‘யாருமே இல்லாத தீவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அல்டாப்ராவில் ஆராய்ச்சி நிலையத்தாரைத் தவிர ஆள் இல்லை, உண்மை. ஆனால் 1965 நவம்பரில் அல்டாப்ராவோடு சேர்த்துப் பிரித்தானியா தனிக் காலனியாகப் பிரித்தெடுத்த சாகோஸ் தீவுகளில் தலைமுறை தலைமுறையாகச் சனம் இருந்தது. அங்கேயும் நிரந்தரக் குடிகள் இல்லை என்றுதான் லண்டன் சாதித்தது. அந்தச் சாகோஸ் தீவுகளில் ஒன்றான டியாகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் வருவதற்காக 1968க்கும் 1973க்கும் இடையில் அத்தனை பேரையும் தீவுகளில் இருந்து அகற்றினார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக் கூடக் கொன்றார்கள். ஆமைக்காக எழுந்த குரல் இந்த மனிதர்களுக்காக எழவில்லை. உங்கள் கோபம் இங்கே திரும்பினால் நானும் கூடவே நிற்பேன். வியக்கத் தெரிந்தவர்களுக்குப் பக்கத்துத் தீவின் அழுகை கேட்காமல் போனதே, அதுதான் என்னை உறுத்துகிறது.

அதே டியாகோ கார்சியாவில்தான் 2021 ஒக்டோபரில் நம் தமிழரின் படகு ஒன்று தத்தளித்துக் கரை சேர்ந்தது. குழந்தைகளும் இருந்தார்கள். கூடாரங்களில் அடைபட்டுக் கிடந்தவர்களில் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குப் போனது 2024 டிசம்பரில். தூரத்துத் தீவு என்று எதைச் சொல்வது?

அடுத்த இதழில் உங்கள் ஊர்க் கரையில் இருந்து பார்த்தால் தெரிகிற புறாத்தீவு வருகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக இருந்து, 2003இல் தேசியப் பூங்காவான இடம். பயணிகள் மிதித்து முருகைக்கற்கள் நொறுங்குவதை நிலாவெளிப் படகுக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள், உங்கள் பெயரிலேயே போடுகிறேன். இம்மாதம் 20ஆம் தேதிக்குள் கிடைத்தால் நல்லது.